முதுசொம்: மனதில் உள்ள காணியும் கடதாசியில் உள்ள காணியும்

முதுசொம் என்ற சொல்லை எமது பகுதிப் பெண்கள் இன்றும் சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். "அது எங்கட அம்மாட முதுசொம்", "முதுசொக் காணிய விக்கப்படாது" என்பார்கள். காசு கொடுத்து வாங்கிய காணியை யாரும் முதுசொம் என்று சொல்வதில்லை. அது தேடிய தேட்டம். கலியாணத்தில் கொடுத்தது சீதனம். மூத்தோர் வழியாக வந்து, நாம் கொஞ்சக் காலம் வைத்திருந்து, பிறகு எமது பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டியதுதான் முதுசொம்.

மட்டக்களப்பின் பழைய முக்குவர் சட்டத்தில் இது மையமான சொல்லாக இருந்தது. அந்தச் சட்டப்படி முதுசொம் தாய்வழியிலேயே இறங்கியது. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர் 1876 இல் அந்தச் சட்டத்தைத் தொகுத்து அச்சிட்டார். அதே ஆண்டில் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு முக்குவர் சட்டம் வழக்கொழிந்து போனது. சட்டம் போய் நூற்றைம்பது வருடமளவில் ஆகிவிட்டது. சொல் மட்டும் பெண்களின் வாயில் இன்னும் இருக்கிறது.

சட்டத்தில் இல்லாத ஒன்று மனிதர்களின் நினைவில் இவ்வளவு காலம் எப்படி நின்றது? போரும் இடப்பெயர்வும் கடல்கோளும் வந்த பிறகு அந்த நினைவுக்கு என்ன நடந்தது? வேலை நிமித்தம் வாவியின் இரு கரைகளிலும் பெண்களைச் சந்திக்கும்போதெல்லாம் எனக்குள் எழும் கேள்விகள் இவை.

தாய் மனை

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான எமது வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரு கரைகளிலும் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். மூத்த மகளுக்குக் கலியாணம் நடந்தால் தாய் தகப்பன் தாங்கள் இருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சிறிய வீடொன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு. இப்படியே ஒரு வேலிக்குள் அல்லது ஒரு ஒழுங்கைக்குள் அம்மம்மா, அம்மா, பெரியம்மா, சின்னம்மா, அவர்களுடைய பெண் பிள்ளைகள் என்று பெண்கள் அருகருகே வாழ்ந்தார்கள். ஆண்கள் வெளியில் இருந்து வந்து சேர்ந்தவர்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் சகோதரிகளின் வழக்கமும் இதுதான். அங்கும் வீடு பெண்ணுக்கு, அங்கும் குடி தாய்வழியில்.

குடி என்பதை இளம் பிள்ளைகளுக்குச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி என்று பல குடிகள் இங்கு உண்டு. பிள்ளை தாயின் குடியைச் சேரும், தகப்பனின் குடியை அல்ல. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. ஒரு குடிக்குள் தாய்வழியாக வரும் கிளையை வயிற்றுவார் என்கிறோம். "வயிற்றுவார்" என்ற சொல்லே எவ்வளவு நேரடியாக இருக்கிறது பாருங்கள்! கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயம், மண்டூர் முருகன் ஆலயம் போன்ற தேசத்துக் கோயில்களில் திருவிழா நாட்களும் மரியாதைகளும் குடிகளின் படி பிரிக்கப்பட்டிருக்கின்றன. எஃப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்து 1962 இல் வெளிவந்த 'மட்டக்களப்பு மான்மியம்' இந்தக் குடி ஒழுங்குகளைச் சொல்லும் பழைய ஏடுகளின் தொகுப்பு.

ஆகவே எங்களுக்கு மூதாதையர் நிலம் என்றால் அது இத்தனை ஏக்கர் என்ற கணக்கு மாத்திரம் அல்ல. எந்த வளவில் அம்மம்மா இருந்தார், எந்த வட்டையில் எமது வயல், எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்து வைகாசிச் சடங்குக்குக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கினோம், எந்த நாள் எமது குடியின் திருவிழா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது. இதில் ஒன்றைப் பிடுங்கினால் மற்றவையும் ஆட்டம் காணும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவளாவேன். தாய்வழி என்பது பெண்ணாட்சி அல்ல. கோயில் வண்ணக்கர் ஆண்தான். அந்தப் பதவி தாய்வழியில் மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகுமே தவிர அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகாது. பெண்ணின் பெயரில் உள்ள வயலை விதைப்பதா குத்தகைக்கு விடுவதா என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் தகப்பனும் கணவனும் சகோதரனும்தான். சாதியும் இந்த ஒழுங்குக்குள் இறுக்கமாகவே இருந்தது. காணியில்லாத, போடியாரின் வயலில் வேலை செய்த குடும்பங்களின் பெண்களுக்கு இந்தப் பெருமையில் பங்கு கிடையாது. "பொம்பிளப் பிள்ளைக்கு வீடு கட்ட வேணும்" என்ற கட்டாயமே இன்று எத்தனையோ தாய்மாரை மத்திய கிழக்குக்கு அனுப்பியிருக்கிறது. சவூதியிலும் குவைத்திலும் இன்னொருவர் வீட்டைக் கூட்டித் துடைத்து, மகளுக்குச் செங்கல் வாங்குகிறார்கள்.

இவ்வளவு குறை இருந்தும், தாய் மனை ஒரு பாதுகாப்பு. கணவன் அடித்தால் வெளியேற வேண்டியவன் அவன்தான், அவள் அல்ல. கணவன் இறந்தாலும் காணாமற் போனாலும் "நீ எங்க இருக்கிறாய்?" என்று யாரும் அவளைக் கேட்க முடியாது. அவள் தன் வீட்டில் இருந்தாள், பக்கத்து வளவில் அம்மாவும் தங்கச்சியும் இருந்தார்கள்.

"உறுதி இருக்கா?"

போர் அந்த ஒழுங்கையைக் கலைத்தது. 1990 இல் ஓடியவர்கள், 2006 இன் இறுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் வாகரையிலிருந்து நடந்து வந்தவர்கள், 2007 மார்ச் மாதத்தில் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு வந்தவர்கள் என்று எமது வாசகிகளில் பலர் ஒரு தடவைக்கு மேல் ஓடியவர்கள். ஓடும்போது அடையாள அட்டையையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்தவர்கள் உண்டு. காணி உறுதியை எடுத்தவர்கள் குறைவு. எரிந்தது, கறையான் தின்றது, கடல் கொண்டு போனது என்று உறுதிகளுக்கு நேர்ந்த கதைகள் பல.

படுவான்கரையில் எழுபது வயதைக் கடந்த ஒரு அம்மா தன் வளவைப் பற்றி எனக்குச் சொன்னது இது: "கிழக்கால நாவல் மரம் புள்ள. மேற்கால கோயிலுக்குப் போற றோட்டு. வடக்கால எங்கட பெரியம்மாட வளவு. தெக்கால தோணா. நடுவுல கிணறு, அது எங்கட அம்மம்மாட தகப்பன் வெட்டினது." உறுதி எழுதும் நொத்தாரிசும் இதே மாதிரி நான்கு எல்லைகளைத்தான் எழுதுவார். நோட்டுப் புத்தகமே இல்லாமல் அந்த அம்மா ஒரு முழு உறுதியையும் மனதில் வைத்திருந்தார். நொத்தாரிசு எழுதினால் அது ஆவணம். அவர் சொன்னால் அது பழங்கதை. "உறுதி இருக்கா எண்டு கேட்டாங்க. நான் இருக்கன் எண்டன். அவங்களுக்குச் சிரிப்பு வந்திட்டு" என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது. மறுகா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

உறுதிக் காணியின் பாடு இதுவென்றால் அரச காணியின் பாடு வேறு. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத் திட்டங்களிலும் கிராமங்களிலும் அனுமதிப்பத்திரக் காணிகள் வழங்கப்பட்டன. அனுமதிப்பத்திரம் வைத்திருந்தவர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்து, வாழ்க்கைத் துணையும் இல்லாவிட்டால், காணி யாருக்குப் போகும் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணை ஒரு வரிசை சொன்னது. முதலில் மகன்மார், அதன் பிறகே மகள்மார். பேரன், பிறகு பேத்தி. தகப்பன், பிறகு தாய். பெண்ணுக்கே வீடு என்று வாழ்ந்த ஒரு சமூகத்தின் மீது எண்பது வருடங்களுக்கு மேல் இந்த வரிசை இருந்தது. 2022 ஆம் ஆண்டில்தான் பாராளுமன்றம் அதைத் திருத்தி ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது.

ஆனால் சட்டத்தை விட அதிகமாக எம்மைப் பாதித்தது ஒரு படிவம். 2004 டிசம்பர் 26 கடல்கோளின் பின் புதிய இடங்களில் வீடுகள் கட்டப்பட்டபோதும், 2007 இன் பின் மீள்குடியேற்ற வீட்டுத்திட்டங்கள் வந்தபோதும் படிவத்தின் முதல் வரி "குடும்பத் தலைவரின் பெயர்". கணவன் உயிரோடு இருந்தால் அவர் பெயர்தான் அங்கே எழுதப்பட்டது. அலையில் போன வீடு மனைவியின் சீதனம். அதற்குப் பதிலாக வந்த வீடோ கணவனின் பெயரில். ஒரு அலையும் ஒரு படிவமும் சேர்ந்து, தாய்வழிச் சொத்தை ஒரே கையெழுத்தில் தந்தைவழிச் சொத்தாக்கின. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் அப்போதே இதைச் சுட்டிக்காட்டி, இருவர் பெயரிலும் கூட்டாக எழுதித் தாருங்கள் என்று கேட்டன. அரச காணிச் சட்டத்தில் அதற்கு வழியில்லை என்பதே பல இடங்களில் கிடைத்த பதில்.

அப்போது இது பெரிய விடயமாகப் பலருக்குத் தெரியவில்லை. கூரை கிடைத்ததே போதும் என்ற நிலை. பிறகு மனுசன் இன்னொரு பெண்ணோடு போனபோது, குடித்துவிட்டு "இது என்ட வீடு, வெளிய போ" என்றபோதுதான் அந்த முதல் வரியின் கனம் தெரிந்தது.

தூர தேசத்தில் இதே கதை

எமது கதையைப் புரிந்துகொள்ள உலகத்தின் மறுகரையில் உள்ள ஒரு மக்களின் கதை உதவும். தென்னமெரிக்காவில் சிலி என்ற நாட்டின் தெற்கிலும் அதை ஒட்டிய ஆர்ஜென்டீனாவிலும் வாழும் ஆதிக்குடிகள் மாபுச்சே மக்கள். அவர்களுடைய மொழியில் 'மாபு' என்றால் நிலம், 'சே' என்றால் மக்கள். பெயரே நிலத்து மக்கள்.

ஸ்பானியர்கள் அவர்களை முழுமையாக வெல்ல முடியாமல் 1641 இல் உடன்படிக்கை செய்து, பியோபியோ என்ற ஆற்றை எல்லையாக ஏற்றுக்கொண்டார்கள். ஸ்பானிய ஆட்சி போய்ச் சிலி சுதந்திர நாடான பிறகுதான் மாபுச்சே நிலம் பறிபோனது. 1861 தொடக்கம் 1883 வரை சிலி இராணுவம் அந்த நிலத்தைப் பிடித்தது. அதன்பின் 1884 இலிருந்து 1929 வரை ஏறக்குறைய 3000 காணிப் பட்டயங்கள் மாபுச்சே மக்களுக்கு வழங்கப்பட்டன. அவர்கள் முன்பு வாழ்ந்த நிலத்தில் அது இருபதில் ஒரு பங்களவே. மீதி குடியேறிகளுக்கும் பெரும் பண்ணையாளர்களுக்கும் போனது.

அந்தப் பட்டயங்கள் யாருடைய பெயரில் எழுதப்பட்டன தெரியுமா? 'லோங்கோ' எனப்படும் ஆண் தலைவரின் பெயரில். மற்றக் குடும்பங்கள் அவருக்குக் கீழே ஒரு பட்டியலாக. எமது படிவத்தின் முதல் வரி அங்கும் இருந்திருக்கிறது. பிறகு 1979 இல் இராணுவ ஆட்சி ஒரு சட்டம் போட்டு, கூட்டாக இருந்த அந்தக் காணிகளையும் துண்டு துண்டாகப் பிரித்துத் தனியாரின் பெயரில் எழுதத் தொடங்கியது. கூட்டாக இருந்தபோது விற்க முடியாதிருந்த நிலம் கையை விட்டுப் போக அது வழி திறந்தது. இன்று அந்தப் பிரதேசத்தின் பெரும் பரப்பில் கடதாசி ஆலைகளுக்கும் மர ஆலைகளுக்குமான பைன், யூக்கலிப்டஸ் தோட்டங்கள்.

மாபுச்சே சமூகம் எங்களைப் போல் தாய்வழிச் சமூகம் அல்ல. அங்கே பெண் கலியாணம் செய்து கணவனின் ஊருக்குப் போகிறாள். ஆனால் நினைவைக் காப்பதில் பெண்களின் இடம் பெரியது. 'மாச்சி' எனப்படும் வைத்தியரும் சடங்கு நடத்துபவருமானவர் பெரும்பாலும் பெண். எந்த ஊற்றில் எந்த மூலிகை, எந்த மலையில் எந்தச் சக்தி உறைகிறது என்ற அறிவு அவரிடம் இருக்கிறது. நிலம் போனால் மருந்தும் போய்விடும் என்பது அவர்களுக்குச் சொந்த அனுபவம்.

பியோபியோ ஆற்றின் மேற்பகுதியில் பெவென்சே என்ற மாபுச்சேப் பிரிவினர் வாழ்கிறார்கள். மலையில் வளரும் பெவென் மரத்தின் கொட்டைதான் அவர்களுடைய பழைய உணவு, பெயரும் அதிலிருந்து வந்தது. அங்கே ரல்கோ என்ற இடத்தில் மின்சாரத்துக்கு அணை கட்டத் திட்டமிட்டார்கள். நட்டஈடும் வேறு இடத்தில் காணியும் தருவதாகச் சொன்னார்கள். நிக்கோலாசா கின்ட்ரேமான், பெர்ட்டா கின்ட்ரேமான் என்ற இரண்டு வயதான சகோதரிகள் முன்னின்று மறுத்தார்கள். பல வருடங்கள் வீதியை மறித்தார்கள், நீதிமன்றம் போனார்கள். கடைசியில் மற்றவர்களைப் போல் அவர்களும் இணங்க வேண்டி வந்தது. 2004 இல் அணையில் நீர் நிரம்பியபோது வீடுகளோடு ஒரு மூதாதையர் மயானமும் நீருக்குள் போனது. 2013 டிசம்பரில் நிக்கோலாசாவின் உடல் அதே நீர்த்தேக்கத்தில் கண்டெடுக்கப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது எமது பெண்கள் அடிக்கடி சொல்லும் ஒரு விடயம். "வேற இடத்தில காணி தந்தாங்கதான். ஆனா எங்கட ஆக்களப் பொதச்ச இடம் அங்க கிடக்கே." வேறு இடத்தில் அதே அளவு காணி கொடுத்தால் கணக்குச் சரி என்று நினைப்பவர்கள், காணியை அளப்பதற்குச் சங்கிலி மட்டுமே வைத்திருப்பவர்கள்.

சிலியின் கதை அதோடு முடியவில்லை. 2021 ஜூலையில் புதிய அரசியலமைப்பை எழுதுவதற்காகக் கூடிய மாநாட்டுக்கு எலிசா லொங்கோன் என்ற மாபுச்சேப் பெண் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். மொழியியல் படித்தவர், முதல் உரையைத் தன் தாய்மொழியிலேயே தொடங்கினார். அந்த அரசியலமைப்பு வரைவை 2022 செப்டெம்பரில் நாட்டு மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்துவிட்டார்கள்.

சடங்கே உறுதியாக

எமது மாவட்டத்திலேயே ஆதிக்குடிகள் இருக்கிறார்கள் என்பதை நாமே மறந்துவிடுகிறோம். வாகரைப் பிரதேசத்தில் குஞ்சங்கல்குளம், மதுரங்கேணி, கிரிமிச்சை போன்ற இடங்களிலும், வெருகலைத் தாண்டி மூதூர்ப் பக்கம் வரையும் கரையோர வேடர்கள் வாழ்கிறார்கள். தம்பானை வேடரைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்தோம். தமிழ் பேசும் வேடரைப் பற்றிப் படிக்கவில்லை. 1911 இல் செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூலில் கரையோர வேடருக்கெனத் தனி அத்தியாயமே உண்டு. கப்பலில் வந்த தெய்வங்களுக்கு அவர்கள் செய்யும் சடங்கும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறது.

காட்டில் தேனும் கிழங்கும், களப்பில் மீனும், மழைக்குச் சேனையும் என்று வாழ்ந்த அவர்களுக்கு உறுதி என்ற ஒன்றே இருந்ததில்லை. இறந்துபோன மூதாதையரை உத்தியாக்கள் என்று அழைத்து வருடா வருடம் சடங்கு செய்வார்கள். சடங்கு நடக்கும் இடம்தான் அவர்களுடைய நிலம். உறுதியும் அதுதான். ஆகவே சடங்கு செய்ய முடியாமல் போன வருடங்கள் அவர்களுக்கு உறுதி காலாவதியான வருடங்கள் மாதிரி. அவர்கள் வாழும் கரை கடல்கோளில் அடிபட்டது. 2006 நவம்பர் 8 அன்று கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் எறிகணை வீச்சில் கொல்லப்பட்டார்கள். 2007 ஜனவரிக்குள் வாகரை முழுவதும் வெறிச்சோடியது.

தம்பானையில் நடந்தது வேறுவிதம். 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காட்டில் அவர்கள் அத்துமீறி நுழைபவர்களானார்கள். திசாஹாமி என்ற முதுதலைவர் மகாவலிக் குடியேற்றத்துக்குப் போக மறுத்து, 1998 இல் இறக்கும் வரை தம்பானையிலேயே இருந்தார். ஆதிக்குடிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்துக்கு 2007 இல் இலங்கை ஆதரவாக வாக்களித்தது. வாக்களித்தது ஒன்று, வாகரையில் காட்டுக்குள் தேனெடுக்கப் போகும் பெண்ணிடம் கேட்கப்படும் கேள்வி இன்னொன்று.

காடு, மேய்ச்சல் தரை, களப்பு இவையெல்லாம் தனி ஒருவர் பெயரில் எழுத முடியாத முதுசொங்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டமும் இந்த வகையில் அடங்கும். எந்த மடுவில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தப் பக்கம் பட்டி அடைப்பது என்பது அவர்களுக்குப் பாட்டன் காலத்து அறிவு. அந்த அறிவுக்குக் கச்சேரியில் இலக்கம் இல்லை.

நினைவுக்கும் எல்லை உண்டு

ஒரு கூட்டத்தில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி எழுந்து, "அப்ப அவங்களும் இது எங்கட பூர்வீக நிலம் எண்டுதானே சொல்றாங்க?" என்று கேட்டார். சரியான கேள்வி. பூர்வீகம் என்ற சொல்லை வைத்து ஒருவரை ஒருவர் துரத்தியதும் எமது மண்ணில் நடந்ததுதான். 1990 ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்கள், பெண்களும் குழந்தைகளுமாக. இரு பக்கமும் பெண்கள் காணியை விட்டு ஓடினார்கள். இரு பக்கமும் திரும்பிப் போக முடியாத வளவுகள் இன்னும் உண்டு.

என் அபிப்பிராயம் இது: "எங்கள் இனத்தின் நிலம்" என்று மேடையில் பேசும்போது நினைவு மொட்டையாகிறது. "எங்கட அம்மம்மா வெட்டின கிணறு" என்று பேசும்போது அது கூர்மையாகிறது. முதலாவதில் பக்கத்து வளவு முஸ்லிம் பெண்ணுக்கு இடமில்லை. இரண்டாவதில் இருக்கிறது. ஏனென்றால் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்களை நினைவுபடுத்தினால் அவளும் வருவாள். நாவல் மரத்துக்கு அப்பால் இருந்த வளவு யாருடையது என்று கேட்டால், எல்லை சொல்பவர் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும்.

எழுதி வைத்தல்

ஊரில் எமது பெண்கள் குழு ஒன்று மாதக் கூட்டத்தில் ஒரு கொப்பியை வைத்து இந்த வேலையைத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொருவரும் தாய் மனையின் நான்கு எல்லைகள், கிணறு, மரங்கள், யார் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஆண்டு விட்டு ஓடினோம், எந்த ஆண்டு திரும்பினோம், இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று சொல்ல, எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதுகிறார்கள். இது நீதிமன்றத்தில் உறுதிக்குச் சமமாகாது. ஆனால் உறுதியின் பிரதியைத் தேடிக் காணிப் பதிவகத்துக்குப் போகும்போது எந்தக் கிராமம், எந்த ஆண்டு, எந்த நொத்தாரிசு, யாருடைய பெயர் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இந்தக் கொப்பியில் கிடைக்கிறது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலும் பேசும்போது தடுமாறாமல் பேச முடிகிறது.

சட்டம் பற்றியும் சில விடயங்கள் அடிக்கடி கேட்கப்படுகின்றன. மட்டக்களப்புத் தமிழருக்குத் தேசவழமை பொருந்தாது, அது வடக்குக்கு உரியது. எமக்கு நாட்டின் பொதுச் சட்டம். அதன்படி தனியார் உறுதிக் காணி வைத்திருந்தவர் மரண சாசனம் எழுதாமல் இறந்தால் பாதி வாழ்க்கைத் துணைக்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, மகன் மகள் என்ற வேறுபாடு இல்லாமல். முஸ்லிம் சகோதரிகளுக்கு 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைச் சட்டம் வேறாக உண்டு. அனுமதிப்பத்திரக் காணி என்றால் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதை இப்போதே பாருங்கள். கணவன் இருக்கும்போதே பார்ப்பது நல்லது. கணவன் காணாமற் போயிருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள் 2016 இல் சட்டமாக்கப்பட்டதன்படி, அவர் காணக்கிடைக்கவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். அதை வைத்து சொத்துக் காரியங்களைத் தற்காலிகமாகப் பார்க்க முடியும். "செத்திட்டார்" என்று கையெழுத்து வைக்காமலேயே காணி வேலையைச் செய்யலாம் என்று தெரிந்ததும் ஒரு சகோதரி விம்மி அழுதார்.

நீங்கள் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வேறொருவர் உங்கள் தனியார் காணியைப் பத்து வருடம் ஆண்டு தனதாக்கிக்கொண்டால், அந்த இடப்பெயர்வுக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவதற்கு 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்துக்கு அது. வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்தான் தந்தார்கள். எமது ஊர்களில் பலருக்கு இப்படி ஒன்று வந்ததே அவகாசம் முடிந்த பிறகுதான் தெரியும். இதற்காக நான் இன்னும் கோபப்படுகிறேன். இப்போது என்ன செய்யலாம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் வசதி குறைந்தவர்கள் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். போகும்போது கொப்பியையும் கொண்டு போங்கள்.

குழுவின் கொப்பியில் இப்போது முப்பத்தெட்டுப் பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. அதில் ஒரு பக்கம் மட்டும் முடியவில்லை. அக்காவும் தங்கச்சியுமான இரண்டு பேர், தங்கள் அம்மம்மாவின் வளவில் நின்ற மருத மரம் வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்று மூன்று கூட்டமாக வாதாடுகிறார்கள். "உள்ளுக்குத்தான்கா, அதிலதானே ஊஞ்சல் கட்டினம்" என்கிறார் அக்கா. வேலி பிறகு தள்ளிப் போடப்பட்டது என்கிறார் தங்கச்சி. மரம் இன்று இல்லை. அடுத்த மாதம் ஏறாவூரில் இருக்கும் பழைய அயல்வீட்டு உம்மாவைக் கூட்டி வந்து கேட்பதாகத் தீர்மானித்திருக்கிறார்கள்.